பின்பாதி சொல்ல ஓர் ஆள்

அக்டோபர் பிறந்துவிட்டால் அந்தோணியார் சந்தில் சாயங்காலத்துக்கு வேறு வேலை கிடையாது. மாதாவின் சிலை, சுரூபம் என்பார்கள், வீடு வீடாகப் புறப்பட்டுவிடும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கல். மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து அழைத்துப் போவார். முன்னால் ஒருவர் மெழுகுதிரி பிடிக்க, பின்னால் பத்து இருபது பேர் பாடிக்கொண்டு நடக்க, நடுவில் அந்த வீட்டுக்காரர் சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போவார். போன வீட்டில் ஜமுக்காளம் விரித்துச் செபமாலை சொல்வார்கள். சுண்டலோ பாயசமோ சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். திண்டுக்கல்லில் இது தெருவுக்குத் தெரு நடக்கிற காரியம்தான். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் இப்படிக் கூடிச் செபிக்கிற கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். பெயரில் இருக்கிற அன்பு கூட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. மாதா வந்திருக்கிற வீட்டுக்காரர்தான் செபமாலையின் முதல் பத்து மணிகளைத் தொடங்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை, மாதாவை வாழ்த்துகிற அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதியை அவர் தனிக்குரலில் சொல்ல, பின்பாதியைக் கூட்டம் சேர்ந்து சொல்லி முடிக்கும். மற்ற நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாக முணுமுணுத்துவிட்டுப் போய்விடலாம். மாதா நம் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆனந்தமேரி பயந்தது இதற்குத்தான். அவள் செபம் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதைச் சொன்னால் சந்தில் ஒரு குருவி கூட நம்பாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டாவது வரிசையில் இருப்பாள். வெள்ளிக்கிழமை அன்பியத்தில் முக்காடு போட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் சொல்லும்போது அவளும் வாயசைப்பாள். சத்தம் மட்டும் வராது. இருபது பேர் சேர்ந்து சொல்கிற இடத்தில் ஒரு வாயிலிருந்து சத்தம் வருகிறதா இல்லையா என்று யார் கண்டார்கள். ஒளிந்துகொள்வதற்குக் கூட்டத்தைப்போலத் தோதான இடம் வேறு இல்லை என்பதை அந்த ஒரு வருடத்தில் அவள் நன்றாகத் தெரிந்துகொண்டாள்.

புருஷன் நெஞ்சுவலியில் போனபோது மகள் ஐரினுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் ஒரு தையல் மிஷினும்தான். பள்ளிச் சீருடை தைத்தே மகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். படிப்பு முடிந்த கையோடு ஐரின் கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றாள். ஆனந்தமேரி ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ஆண்டவர் கூப்பிடும்போது குறுக்கே நிற்க நான் யார் என்று இருந்துவிட்டாள். மடம் மதுரைப் பக்கம் இருந்தவரைக்கும் சமாளித்தாள். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப்போய் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். போன வருடம் மாதா அவள் வீட்டுக்கு வந்துபோன சில நாளில் சபையார் ஐரினைத் தான்சானியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப அன்பியமே திரண்டு வந்தது. ஃபாதர் வந்தார். மகளுக்கு மாலை போட்டார்கள், தாய்க்குச் சால்வை போர்த்தினார்கள், இருவரையும் நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ரயில் போன பிறகு ஆனந்தமேரி வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து பீரோவில் வைத்தாள். வழக்கம்போல மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். வாய் திறக்கவில்லை. வார்த்தை உள்ளேயே கட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்குக் கட்டிக்கொண்டதுதான், இன்னும் இறங்கவில்லை.

கோபம்தான், வேறென்ன. இருந்தது ஒன்றே ஒன்று, அதையும் கேட்டு வாங்கிக்கொண்டாயே என்கிற கோபம். ஆனால் சிஸ்டருடைய தாய் ஆண்டவர்மேல் கோபப்படலாமா? வெளியே தெரிந்தால் மகளுக்கல்லவா கெட்ட பெயர். ஆகவே அந்தக் கோபத்தையும் சால்வையோடு சேர்த்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

சந்தில் அவளுடைய பெயரே மாறிப்போனது. ஆனந்தக்காவாக இருந்தவள் எல்லோருக்கும் சிஸ்டரம்மா ஆகிவிட்டாள். பரீட்சையா, ஆபரேஷனா, வெளிநாட்டு வேலையா, எதுவானாலும் “உங்க செபத்துல சொல்லிக்கங்க சிஸ்டரம்மா” என்று வாசலில் வந்து நிற்பார்கள். ஒருமுறை அவள் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தபோது ஓர் அம்மாள் வந்து, தன் மகனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு, நெற்றியில் ஒரு சிலுவையும் வாங்கிக்கொண்டு போனாள். நெற்றி தொட்ட கை கொதித்ததைக் கூட அவள் கவனிக்கவில்லை. கஞ்சி குடித்தாயா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மாதா கஞ்சி குடித்தாளா என்று யாராவது கேட்பார்களா? அப்படி ஆகிவிட்டது அவள் நிலைமை.

வியாழக்கிழமை மாதா அவள் வீட்டுக்கு வரும் முறை. காலையிலேயே வீட்டைக் கழுவினாள். எதிர்வீட்டு முத்துப்பேச்சியிடம் ஜமுக்காளம் இரவல் வாங்கி விரித்தாள். இரண்டு படி கடலையை ஊறப்போட்டுச் சுண்டல் செய்தாள். மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு முன்பாதியைச் சொல்லிப் பார்த்தாள். முதல் இரண்டு வார்த்தைக்கு மேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொல்லிப் பார்த்தாள். அப்போதும் அதே கதைதான். அன்பியம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது இப்படி நின்றுபோனால் என்ன செய்வது என்று நினைக்கவே உடம்பு வேர்த்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. இந்த வீட்டுக்குள் இத்தனை பேர் வந்து உட்கார்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதே.

மழை ஆறு மணிக்குப் பிடித்தது. சும்மா மழை இல்லை. சந்தில் முழங்காலுக்குத் தண்ணீர் ஓட, மாதாவை அழைத்துவர அவளால் இறங்கிப் போக முடியவில்லை. ஏழு மணிக்கு அன்பியத் தலைவர் ஸ்டீபன்ராஜ் ஒரு கையில் குடையும், இன்னொரு கையில் பாலிதீன் உறை சுற்றிய மாதாவுமாக வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர், எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுவார் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. கூட அவர் மனைவி ஜெயமேரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரும் வர மாட்டாக போல சிஸ்டரம்மா. கரண்டு வேற எந்நேரம் போகும்னு தெரியல. மாதாவ விட்டுட்டுப் போறோம். நீங்க பாத்துக்குவீக.”

“செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க. சுண்டலாச்சும் சாப்டுங்க.”

“இருக்கட்டும். உங்க வீட்டுல செபத்துக்கு என்ன கொறச்சல். நாளைக்குத்தான் ஞானராஜ் வீடு.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. சிலுவை போட்டுக்கொண்டு இருவரும் மழையில் இறங்கிவிட்டார்கள்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. மூச்சு கூட லேசாக வந்தது. பிறகு ஜமுக்காளத்தைப் பார்த்தாள். அது வீடு முழுக்க விரித்துக் கிடந்தது. நடுவில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டாள். மிச்சத்தை முத்துப்பேச்சிக்குக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் படுத்துக்கொண்டாள். அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தலைக்குக் குளித்து, மெழுகுதிரி ஏற்றி, மாதாவுக்கு மல்லிகைச் சரம் போட்டுக் காத்திருந்தாள். ஞானராஜ் வந்து அழைத்துப்போக வேண்டும். சந்தின் கடைசி வீட்டுக்காரன், குட்டியானை வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் இங்குமாகக் காய்கறி ஏற்றி ஓட்டுகிறவன். அவன் வரவில்லை. பாட்டுச் சத்தமும் கேட்கவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. சந்தில் நடப்பவர்களின் செருப்புச் சத்தம் வாசல்வரை வரும், தாண்டிப் போய்விடும். மாதாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேசுவதற்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டீபன்ராஜைத் தேடினாள். யாரோடோ அவசரமாகப் பேசிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மத்தியானம் ஐரின் போன் செய்தாள். வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் போன்தான் ஆனந்தமேரிக்குக் கிழமை காட்டுகிற காலண்டர்.

“மாதா நம்ம வீட்டுலதான் இருக்காகத்தா” என்றாள் ஆனந்தமேரி.

“நெசமாவாம்மா? எல்லாரும் வந்தாகளா?”

“வந்தாக. வீடே கொள்ளல. வாசல்ல சேர் போட்டு உக்காந்தாக.”

“நீதான மொதப் பத்து சொன்ன? எனக்காக வேண்டிக்கிட்டியா?”

“பின்ன யாருக்கு வேண்டப் போறேன்.”

பிறகு ஐரின் பேசினாள். சிஸ்டர் குரலில் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்துவிட்டுப் பேசுகிற பழைய ஐரின் குரலில் பேசினாள்.

“அம்மா, ஒங்கிட்ட மட்டும் சொல்றேன். இங்க எனக்குச் செபமே வர மாட்டேங்குது. பாஷை புரியல, சாப்பாடு எறங்கல, அதெல்லாம் கூடச் சமாளிச்சிருவேன். சேப்பல்ல எல்லாரும் சொல்லும்போது நான் சும்மா வாயத்தான் அசைக்கிறேன். ரொம்பப் பயமா இருக்கும்மா. அப்பல்லாம், அம்மா அங்க எனக்காகச் சொல்லிக்கிட்டு இருக்கும்னு நெனச்சுக்குவேன். அதப் புடிச்சுக்கிட்டுதான் நாளு ஓடுது.”

ஆனந்தமேரி மாதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, இருக்கியா?”

“இருக்கேன்” என்றாள். “சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ வேளைக்குச் சாப்டு.”

போனை வைத்தாள். பிள்ளை கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் நின்றுகொண்டு ஒரு கயிற்றைப் பிடித்திருக்கிறாள். கயிற்றின் இந்த முனையை யாருமே பிடித்திருக்கவில்லை. பிடித்திருப்பதாகத் தாயே பொய் சொல்லியிருக்கிறாள். எழுந்துபோய் மாதாவுக்கு முன்னால் முழங்கால் போட்டாள். மகளுக்காகவாவது வந்து தொலையட்டுமே என்று வாயைத் திறந்தாள். முன்பாதி பாதிவழியில் நின்றது. மீதியை எப்படியோ தள்ளிக்கொண்டு போய் முடித்தால், பின்பாதி சொல்ல ஆள் இல்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. தன் குரலுக்குத் தானே பதில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய்க்குப் பொய்யே சாட்சி சொல்வது போலப் பட்டது. செபமாலையைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மானத்தை விட்டு ஸ்டீபன்ராஜ் வீட்டுக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு செபம் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவது என்று வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனாள். ஜெயமேரி காப்பி கொடுத்தாள்.

“மாதாவ அழைச்சுட்டுப் போக யாரும் வரலையே” என்று ஆனந்தமேரி தொடங்கினாள்.

“உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன், தப்புதான்” என்றார் ஸ்டீபன்ராஜ். “இந்த வருசந்தான் ஞானராஜ் பேரும் லிஸ்ட்டுல வந்துச்சு, ஆனா அவன் வீட்டு லெச்சணம் உங்களுக்குத் தெரியாததா. பொண்டாட்டி பிள்ளைக கோவிச்சுக்கிட்டு கொடைரோட்டுல தாய் வீட்டுக்குப் போயி எத்தன மாசமாச்சு. எப்பப் பாத்தாலும் தண்ணி. அங்க கொண்டுபோயி மாதாவ எப்படி வைக்கிறது. வர்ற வெள்ளிக்கெழம நேரா அடுத்த சந்துக்குக் கொண்டு போயிருவோம்னு பேசிருக்கோம். அதுவரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும். கோயில்ல இருக்கற மாதிரிதான.”

“அவருகிட்டச் சொல்லிட்டீகளா?”

“அதையெல்லாம் போயிச் சொல்லிக்கிட்டா இருப்பாக. அவனே புரிஞ்சுக்குவான்.”

ஆனந்தமேரி காப்பி டம்ளரைக் கையில் சுற்றினாள். “ஒருநா எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்து எனக்காகச் செபம் சொன்னா நல்லாருக்கும்.”

ஸ்டீபன்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். பாவம், அவருக்கு அது பெரிய தாழ்மையாகத் தெரிந்தது. “கேட்டியா ஜெயா? உங்களுக்காக நாங்க சொல்றதா? நாங்கதான் உங்க செபத்துல பொழப்ப ஓட்டிக்கிட்டு இருக்கோம்.”

இதற்குமேல் என்ன பேசுவது. காப்பி நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டு வாசலில் முத்துப்பேச்சி மல்லிகைச் சரத்தோடு நின்றிருந்தாள். மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள். அவள் கும்பிடுகிற சாமி வேறு என்றாலும், மாதா எதிர்வீட்டில் இருக்கிற நாட்களில் ஒரு முழம் தனியாக எடுத்து வைத்துவிடுவாள்.

“ஏங்க்கா, உங்க ஆளுகளுக்குள்ள என்ன வெவகாரம்?” என்றாள். “கடைசி வீட்டு அண்ணே நாலு நாளா வாசல்ல சேரப் போட்டு உக்காந்திருக்காரு. வாடகைச் சேரு. யாரு வாராகன்னு கேட்டேன். மாதா வாராகன்னாரு. இன்னைக்கும் சட்டையத் தேச்சுப் போட்டு உக்காந்திருக்காரு, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு.”

ஆனந்தமேரி அப்படியே நின்றாள். அவன் வரவில்லை என்று இவள் காத்திருந்தாள். இவர்கள் கொண்டுவரவில்லை என்று அவன் காத்திருந்திருக்கிறான். அழைக்க வர வேண்டும் என்கிற முறைகூட அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவன் வீட்டுக்கு மாதா எப்போது போயிருக்கிறாள். இவளைத் தூக்கிப் பீடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள், அவனைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கதவுதான். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு வருடமாக மேலே பார்த்து வராத வார்த்தையெல்லாம் சந்தைப் பார்த்து வந்தது. ஆனால் சந்தில் அப்போது முத்துப்பேச்சியைத் தவிர யாரும் இல்லை.

உள்ளே போய் மாதாவைத் தூக்கினாள். சாந்தினால் செய்த சுரூபம், பார்வைக்குத்தான் சிறியது, நல்ல கனம். மெழுகுதிரி பிடிக்க ஆள் இல்லை, பாட ஆள் இல்லை. முத்துப்பேச்சி ஒன்றும் கேட்காமல் சரத்தை மாதாவின் கழுத்தில் போட்டுவிட்டு ஒதுங்கினாள். ஆனந்தமேரி தனியாகச் சந்தின் கடைசிக்கு நடந்தாள். டியூஷன் விட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி வழிவிட்டார்கள்.

ஞானராஜ் சேர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மாதாவைக் கண்டதும் கையில் இருந்த சேரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“வாங்கக்கா. சேரத் திருப்பிக் குடுத்துரலாம்னு பாத்தேன்.” சந்தை எட்டிப் பார்த்தான். “மத்தவுக?”

“நான் மட்டுந்தான் வந்தேன்.”

அவன் முகம் சுருங்கியது. பிறகு தலையாட்டினான். “சரிக்கா. நீங்க வந்ததே போதும்.”

வீட்டுக்குள் டிவி இருந்த மேசை காலியாக இருந்தது. டிவியை மனைவி போகும்போது கொண்டுபோயிருக்க வேண்டும். மேசைமேல் புதுத் துண்டு விரித்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி நட்டிருந்தான். சுவரில் பிள்ளைகள் கலர் பென்சிலால் கிறுக்கிய ஒரு வீடும் சூரியனும் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே மாதாவை வைத்தார்கள். ஞானராஜ் தீப்பெட்டியை உரசும்போது கை நடுங்கியது.

“குடிச்சிருக்கேன்னு நெனைக்காதீக. வியாழக்கெழமையில இருந்து தொடல. அதான் நடுங்குது. மாதா வரும்போது வாட அடிக்கக் கூடாதுல்ல.” தீக்குச்சியை ஊதி அணைத்தான். “இன்னைக்கு வரலைன்னா கடைக்குப் போயிருப்பேங்க்கா. பொய் சொல்லக் கூடாது.”

இருவரும் முழங்கால் போட்டார்கள். பாதி அடுக்கிய சேர்கள் வெளியே இருட்டிக்கொண்டிருந்த வாசலில் கிடந்தன.

“உங்க வீடு. மொதப் பத்த நீங்கதான் தொடங்கணும்” என்றாள் ஆனந்தமேரி.

ஞானராஜ் தலையைச் சொறிந்தான். “எனக்கு முன்பாதி தெரியாதுக்கா. சின்னப் பிள்ளையில இருந்து கூட்டத்துல கடேசிலதான் நின்னுருக்கேன். பதிலுதான் தெரியும்.”

இங்கே அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சரி நான் சொல்கிறேன் என்று தொடங்கியிருக்கலாம். சிஸ்டரம்மா அப்படித்தான் செய்வாள். ஆனால் சிஸ்டரம்மாவாக இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

“எனக்கு ரெண்டு பாதியும் தெரியும், ஞானராஜு. ஆனா சொல்ல வரல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கூட்டத்துல சும்மா வாயத்தான் அசைக்கிறேன். எம்மக எஞ்செபத்த நம்பி அங்க நிக்கிறா. எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து மாதாவின் பாதத்தைப் பார்த்தாள். ஞானராஜ் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தான்.

“வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா தள்ளி விடுறதில்லையா, அது மாதிரிதான்க்கா. நீங்க சாவியப் போட்டு உக்காருங்க. நான் பின்னால இருந்து தள்ளுறேன். யாருக்காக?”

“ஐரினுக்காக.”

“எம்பிள்ளைகளையும் சேத்துக்கங்க.”

ஆனந்தமேரி முதல் மணியைப் பிடித்தாள். குரல் தகரத்தைத் தேய்த்ததுபோல வந்தது. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. அவள் முழுவதும் முடிக்கவில்லை, அதற்குள் ஞானராஜ் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கடைசி வரிசைக்காரர்கள் எப்போதும் அப்படித்தான், எப்போது முடியும் என்று அவசரமாகவே சொல்வார்கள். மார்க்கெட்டில் சத்தம் போட்டுப் பழகிய குரல் வேறு. சின்ன வீடு அதிர்ந்தது. அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இரண்டாவது மணிக்குப் போனாள். தடுக்கியது. அவன் பிடித்துக்கொண்டான். மூன்றாவது மணியில் இன்னும் கொஞ்சம் தூரம் போனாள். முதல் பத்து முடிந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பல நாள் படுத்துக் கிடந்தவள் எழுந்து நாலு வீடு தள்ளி நடந்து வந்ததுபோல இருந்தது.

இரண்டாவது பத்தின் நடுவில்தான் அது நடந்தது. மணியைப் பிடித்து வாயைத் திறந்தாள். முன்பாதி வரவில்லை. அடியில் ஒரு வருடமாகக் கட்டிக்கிடந்தது மேலே வந்துவிட்டது. அவள் தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஒனக்கும் ஒண்ணுதான. மகனச் சிலுவைக்குக் குடுத்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனியே, அந்த வீட்டுல நீ எப்படி இருந்த? யாராச்சும் வந்தாகளா? சாப்டியான்னு ஒருத்தராச்சும் கேட்டாகளா? தாயின்னு தாயின்னு ஒன்னக் கும்பிட்டவுகள்ல ஒருத்தர் வந்து ஒங்கூட உக்காந்தாகளா?”

சுவரில் பிள்ளைகள் வரைந்த சூரியன்மேல் மெழுகுதிரியின் நிழல் ஆடியது. ஆனந்தமேரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். என்ன பேசிவிட்டோம், யாரைப் பார்த்துப் பேசிவிட்டோம் என்று பதறினாள். மணி விரலிடுக்கில் நின்றுவிட்டது.

ஞானராஜ் ஒருகணம் அவளைப் பார்த்தான், மாதாவைப் பார்த்தான். சொன்னது முன்பாதிதானா இல்லையா என்று ஆராய அவனுக்குத் தெரியாது. முன்னால் இருப்பவர் நிறுத்தினால் பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் படித்தது. இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, பின்பாதியை முழுவதும் சொல்லி முடித்தான். ஆமென் என்றும் சேர்த்துக்கொண்டான்.

பிறகு அவளுக்காகக் காத்திருந்தான்.

ஆனந்தமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரலில் இருந்த மணியை மெல்ல அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த மணியைப் பிடித்தாள்.